இமை துடிப்பு: எதைச் சும்மா விடலாம், எதை விடக்கூடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கண் இமை துடிப்பதைப் பற்றி இரண்டு வகைச் செய்திகள் வாட்ஸ்அப் குழுக்களில் மாறி மாறிச் சுற்றுகின்றன. அது பக்கவாதத்தின் முன்னறிகுறி, உடனே மூளையை ஸ்கேன் எடுங்கள் என்கிறது ஒன்று. உடம்பில் மெக்னீசியம் குறைந்துவிட்டது, இந்த மாத்திரையை வாங்குங்கள் என்கிறது இன்னொன்று. இமை துடிக்கும் பெரும்பாலோருக்கு இரண்டுமே பொருந்தா. அதற்காக, "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிடவும் முடியாது. கண்ணைச் சுற்றித் துடிப்பு வரக் காரணமாகும் கோளாறுகளுள் முக்கியமானவை மூன்று. முதலாவது தானாக வந்து தானாகப் போய்விடும். மற்ற இரண்டும் தானாகப் போவது அரிது, ஆனால் நல்ல சிகிச்சை இருக்கிறது. நாமோ முதலாவதற்குப் பதறிப் பணம் செலவழிக்கிறோம். மற்ற இரண்டையும் வயசுக்கோளாறு என்று வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறோம். கண் பராமரிப்புத் துறையில் இருப்பவர்கள் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறோம்.

சகுனத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஆணுக்கு வலக்கண், பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நல்லது என்பது நம் வீட்டு வழக்கு. சீனர் வழக்கில் ஆண், பெண் கணக்கு இல்லை. இடக்கண் என்றால் பணவரவு, வலக்கண் என்றால் கேடு. ஆக, ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் இருக்கும் இரண்டு ஆண்களுக்கு இடக்கண் துடித்தால் ஒருவர் கோயிலுக்குப் போவார், மற்றவர் நாலு நம்பர் லாட்டரி எடுக்கப் போவார். தசைக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது.

இமையை மூடுவதற்கென்றே கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு மெல்லிய தசை ஓடுகிறது. ஆர்பிகுலாரிஸ் ஆக்குலை என்று பெயர். முகநரம்பு எனப்படும் ஏழாவது மூளைநரம்பு அதை இயக்குகிறது. மேல் இமையைத் தூக்கித் திறப்பது வேறொரு தசை. அதற்கு மூன்றாவது மூளைநரம்பு. துடிப்பது மூடும் தசை. இமை தொங்கினால் பெரும்பாலும் திறக்கும் தசையின் பக்கம் குறை இருக்கிறது. துடிக்கும் இமை வேறு, தொங்கும் இமை வேறு என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வருவது எளிதாகப் புரியும்.

முதல் வகையை மருத்துவர்கள் இமை மயோகீமியா என்பார்கள். ஒரு கண்ணில் மட்டும், அதிலும் கீழ் இமையில்தான் இது அதிகம் வரும். மூடும் தசையின் சில நார்கள் மட்டும் தாமாகச் சுருங்கிச் சுருங்கி விடும். சில நொடிகள் படபடக்கும், நிற்கும், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வரும். இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூடக் கிடையாது. அதனால் உள்ளே நடக்கும் சின்ன அசைவையும் நாம் பெரிதாக உணர்கிறோம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பல நேரம் ஒன்றும் தெரியாது. கண் முழுவதாக மூடிக்கொள்ளாது, பார்வை மங்காது, வலிக்காது. சில நாள் அல்லது சில வாரம் இருந்துவிட்டுப் போகும். விட்டுவிட்டு இரண்டு மூன்று மாதம் நீடிப்பதும் உண்டு. இந்த வகைக்கு மூளை ஸ்கேன் தேவையில்லை.

ஏன் வருகிறது? அந்த இடத்தில் நரம்பும் தசையும் எளிதில் தூண்டப்படும் நிலையில் இருக்கின்றன. அந்த நிலைக்குக் கொண்டுபோகிறவை என்று தொடர்ந்து சொல்லப்படுபவை தூக்கக் குறைவு, மன அழுத்தம், காஃபீன், கண் களைப்பு, உலர்ந்த கண், மது, புகை. உங்களுக்கு இவற்றுள் எது காரணம் என்று காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்ப்பதுதான் வழி. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் துடிப்பு நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. எங்கள் யோசனை, தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு வாரம் இரவு ஏழு மணி நேரமாவது தூங்குங்கள். இரவு வேலைக்காரர்கள் பகலில் அறையை நன்றாக இருட்டாக்கிக்கொண்டு அதே ஏழு மணி நேரத்தைப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது காப்பி. இதில் நம் சிங்கப்பூருக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது. காப்பிக்கடைக் காப்பியில் பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டைதான். அராபிக்கா கொட்டையைவிட அதில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே, 'ஒரு நாளைக்கு நாலு கோப்பை வரை பரவாயில்லை' என்று வெளிநாட்டுக் கட்டுரையில் படித்ததை அப்படியே இங்கே பொருத்தக்கூடாது. கணக்கு மில்லிகிராமில்: ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 வரை என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. 'கௌ' என்று கேட்டால் டிகாஷன் கூடுகிறது, காஃபீனும் கூடுகிறது. 'போ' என்றால் இரண்டும் குறைகின்றன. 'கோசோங்' கேட்பவர்கள் நிறையப் பேர் காப்பியைக் குறைத்துவிட்டதாகவே நினைக்கிறார்கள். குறைந்தது சர்க்கரைதான். தே தாரிக்கிலும் காஃபீன் உண்டு. 250 மில்லிலிட்டர் சக்திபானக் கலன் ஒன்றில் சுமார் 80 மில்லிகிராம் இருக்கும்.

உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை நாலு மணிக் காப்பியில் பாதி, இரவு ஒன்பது மணிக்கும் ரத்தத்தில் இருக்கிறது. அது தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் மறுநாள் இன்னொரு காப்பி கேட்கிறது. முதலில் மதியத்துக்குப் பிந்திய கோப்பையை விடுங்கள். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு கோப்பை என்று குறையுங்கள். திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி வரும், சிலருக்கு ஒரு வாரம் வரை இழுக்கும். அந்தத் தலைவலிக்குப் போடும் மாத்திரையின் அட்டையையும் படியுங்கள். வீரியம் கூட்டப்பட்டவை என்று விற்கப்படும் சில பாராசிட்டமால் மாத்திரைகளில் ஒன்றுக்கு 65 மில்லிகிராம் காஃபீன் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு மாத்திரை போட்டால் விட்ட காப்பி வேறு வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

உலர்ந்த கண் மூன்றாவது சந்தேக நபர். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறைக்கு மேல் இமைக்கும் நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைப்பதும் அரைகுறை, மேல் இமை கீழ் இமையைத் தொடுவதே இல்லை. அலுவலகத்திலும் பேருந்திலும் எம்ஆர்டியிலும் படுக்கையறையிலும் குளிர்சாதனக் காற்று. எரிச்சல், மணல் உறுத்துவது போன்ற உணர்வு, இமைத்தால் தெளிந்துவிடும் மங்கல் ஆகியவை உலர்கண்ணின் அடையாளங்கள். கண்ணில் நீர் வழிவதும் அதன் அடையாளம்தான் என்றால் பலர் நம்புவதில்லை. உலர்ந்த கண் உறுத்தும்போது கண்ணீர்ச் சுரப்பி மொத்தமாகக் கொட்டுகிறது. கொட்டும் நீர் கண்ணில் தங்காமல் வழிந்தோடுகிறது.

குளிர்காற்று முகத்தில் நேராக அடிக்காதபடி உட்காருங்கள். திரை 50 முதல் 70 சென்டிமீட்டர் தள்ளி, அதன் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். கீழ்நோக்கிப் பார்க்கும்போது கண் குறைவாகத் திறந்திருக்கும், ஈரமும் குறைவாக ஆவியாகும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 நொடி ஆறு மீட்டருக்கு அப்பால் பாருங்கள். அந்த 20 நொடியில் நாலைந்து முறை இமைகள் ஒன்றையொன்று தொடும்படி மெதுவாக மூடித் திறங்கள். வெறுமனே தூரத்தில் வெறித்துப் பார்த்தால் பாதிப் பலன்தான்.

மருந்துக்கடையில் வாங்கும் செயற்கைக் கண்ணீர் உதவும். ஒரு நாளைக்கு நாலு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பதனப்பொருள் சேர்க்காததை வாங்குங்கள். ஒரு சொட்டு போதும். சொட்டின் அளவு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணின்மேல் நிற்கும் கண்ணீர்ப்படலமோ சுமார் 7 மைக்ரோலிட்டர். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். கண்சிவப்பைப் போக்கும் சொட்டுமருந்தை மட்டும் இதற்காக வாங்காதீர்கள். அது ரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கிறது, உலர்வைத் தீர்ப்பதில்லை. தொடர்ந்து போட்டால் நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் லென்ஸோடு போடலாம் என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இமை விளிம்பின் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருந்தால் வெதுவெதுப்பான ஒத்தடம் நல்லது. 40 டிகிரி செல்சியஸ் அளவில் ஐந்து முதல் பத்து நிமிடம். ஈரத்துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும் என்பதுதான் இதில் எல்லாரும் தவறும் இடம். மறுபடி மறுபடி நனைத்துப் பிழிய வேண்டும். மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துச் சுடவில்லை என்றால்தான் கண்மேல் வைக்கலாம். விளக்கெண்ணெய், பன்னீர், பூச்சாறு, தாய்ப்பால் என எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். கிருமிநீக்கம் செய்யாத எதுவும் கருவிழியில் தொற்றை உண்டாக்கலாம்; துடிப்புக்கும் அதனால் பயனில்லை.

மெக்னீசியத்தைப் பற்றி. ரத்தத்தில் மெக்னீசியம் கடுமையாகக் குறைந்தால் தசைகள் துடிக்கும் என்பது உண்மை. ஆனால் அப்போது கை, கால் என்று பல இடங்களில் தெரியும், உடம்பும் சோர்ந்துவிடும். நன்றாகச் சாப்பிட்டு நடமாடும் ஒருவருக்குக் கீழ் இமை மட்டும் துடிப்பதை மெக்னீசிய மாத்திரை நிறுத்தும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. கீரை, பருப்பு, கச்சான், முழுத்தானியம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. மாத்திரையால் சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அது உடம்பில் தேங்கி ஆபத்தாகலாம். நீரிழிவு இத்தனை வீடுகளில் இருக்கும் நம் சமூகத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி மற்ற இரண்டு. உண்மையில் இக்கடிதம் இவற்றுக்காகத்தான்.

பிளெஃபரோஸ்பாசம் என்பது இரண்டு கண்களும் சேர்ந்து இறுகுவது. பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதில் தொடங்கும், பெண்களுக்கு அதிகம். முதலில் வேகமாக இமைப்பார்கள். வெளிச்சம் கூசும், காற்றுப் பட்டால் பொறுக்காது. உலர்கண் என்று மாதக்கணக்கில் சொட்டுமருந்து போட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகு இமைகள் தாமாக இறுக மூடிக்கொள்ளும், திறக்க நினைத்தாலும் முடியாது. கண்ணில் பார்வை சரியாகவே இருக்கும், ஆனால் சாலையைக் கடக்கும் நேரத்தில் கண் மூடிக்கொண்டால் பார்வை இருந்து என்ன பயன்? இந்த நிலையில் இருப்பவர் சிகிச்சை தொடங்கும்வரை வண்டி ஓட்டக்கூடாது. ஒரு வினோத அடையாளம்: புருவத்தைத் தொட்டால், பேசினால், பாட்டை முணுமுணுத்தால் சிலருக்குச் சற்று நேரம் கண் திறந்துகொள்ளும். தூங்கும்போது துடிப்பு நின்றுவிடும். இதனாலேயே "நடிக்கிறார்", "மனசு சம்பந்தப்பட்டது" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. அது தவறு. அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதிகளில் ஏற்படும் கோளாறு இது. வாய், தாடையும் சேர்ந்து இழுத்தால் மேஜ் நோய்க்குறி என்பார்கள். பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஆன்றி மேஜ் 1910ல் விவரித்தது. மனநோய்க்கான சில மருந்துகளை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கும் இப்படி வரலாம். ஆனால் மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது, கொடுத்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, அரைமுக இழுப்பு. ஒரு கண்ணைச் சுற்றித் தொடங்கும், மாதங்கள் செல்லச் செல்ல அதே பக்கத்துக் கன்னம், வாயோரம், கழுத்து என்று கீழே இறங்கும். கண்ணும் வாயோரமும் ஒரே கணத்தில் இழுக்கும். தூக்கத்திலும் நிற்காது. முதல் வகையிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி: கண் இறுகும்போது அதே பக்கப் புருவம் மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். வேண்டுமென்று ஒற்றைக் கண்ணை மூடிப் பாருங்கள், புருவம் கீழேதான் இறங்கும். அரைமுக இழுப்பில் கண் மூடுவதும் புருவம் ஏறுவதும் சேர்ந்து நடக்கும், ஏனென்றால் முகநரம்பு மொத்தமாகத் தூண்டப்படுகிறது. மூளைத்தண்டிலிருந்து அந்த நரம்பு வெளிவரும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் அழுத்தித் துடித்துக்கொண்டிருப்பதே வழக்கமான காரணம். இங்கே எம்ஆர்ஐ ஸ்கேன் அவசியம். அபூர்வமாகக் கட்டியும் அழுத்தலாம். ஆசியர்களிடம் இது அதிகமாகத் தெரிகிறது என்பது நரம்பியல் மருத்துவர்களின் நெடுநாள் கருத்து.

இரண்டுக்கும் முதல் சிகிச்சை போட்டுலினம் நச்சு ஊசி. சுருக்கம் போக்கும் ஊசி என்றுதான் பலருக்குத் தெரியும். ஆனால் அமெரிக்காவில் 1989ல் அதற்குக் கிடைத்த முதல் அனுமதியே மாறுகண்ணுக்கும் பிளெஃபரோஸ்பாசத்துக்கும்தான். நரம்பு நுனியிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை அது தடுக்கிறது. பிளெஃபரோஸ்பாசத்துக்கு முதல்முறை, போட்டாக்ஸ் மருந்தானால், பெரும்பாலும் ஓரிடத்துக்கு 1.25 முதல் 2.5 யூனிட் வரை, இமையின் ஓரங்களில் சில இடங்களில் போடுவார்கள். மேல் இமையின் நடுப்பகுதியைத் தவிர்ப்பார்கள், அங்கே போட்டால் மருந்து திறக்கும் தசைக்குள் ஊறி இமை தொங்கிவிடும். கீழ் இமையின் மூக்குப் பக்கத்தையும் தவிர்ப்பார்கள், அங்கிருந்து கண்ணை அசைக்கும் தசைக்குப் பரவினால் ஒன்று இரண்டாகத் தெரியும். ஒரு நிறுவனத்து மருந்தின் யூனிட் இன்னொரு நிறுவனத்து யூனிட்டுக்குச் சமமில்லை. ஆகவே மருத்துவரை மாற்றினால் எந்த மருந்து, எத்தனை யூனிட் என்ற பதிவைக் கையோடு கொண்டுபோங்கள். அழகு சிகிச்சை விளம்பரத்தைப் பார்த்து இதற்குப் போகாதீர்கள்.

ஊசி போட்ட உடனே ஒன்றும் தெரியாது. சில நாளில் தொடங்கி, ஒன்று இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். சுமார் மூன்று மாதம் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். இமை தொங்கினாலும் சில வாரத்தில் சரியாகிவிடும். அரைமுக இழுப்புக்கு மட்டும், அழுத்தும் ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி இடையே மெத்தென்ற சிறு துண்டை வைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. பெரும்பாலோருக்கு நிரந்தரமாக நின்றுவிடும். பக்கத்திலேயே செவிநரம்பு போவதால் அந்தக் காது கேட்காமல் போகும் அபாயம் சிறிது உண்டு. வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பக்கவாத பயத்துக்கு ஒரு வார்த்தை. பக்கவாதத்தில் முகம் துடிப்பதில்லை, தளர்கிறது. வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராதது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று திடீரென வந்தாலும் இமை துடிக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

பிள்ளைகள் அடிக்கடி கண்ணைச் சிமிட்டுவது வேறு கதை. ஒவ்வாமை, கண்ணாடி தேவைப்படுவது, அல்லது டிக் எனப்படும் பழக்க அசைவு காரணமாக இருக்கலாம். கண் பரிசோதனை செய்யுங்கள். டிக் என்றால் "சிமிட்டாதே" என்று அதட்டுவதால் கூடுமே தவிரக் குறையாது. கண்டுகொள்ளாமல் விட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் சிமிட்டும்போது பிள்ளை சில நொடி வெறித்து, கூப்பிட்டாலும் திரும்பாமல் இருந்தால் வலிப்பாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெரியவர்கள் எப்போது மருத்துவரிடம் போவது? மேலே சொன்னவற்றைச் செய்தும் சில வாரத்தில் குறையவில்லை என்றால், கண் முழுவதாக மூடிக்கொண்டால், கன்னத்துக்கோ வாய்க்கோ பரவினால், மறு கண்ணுக்கும் வந்தால், இமை தொங்கினால், புதிதாக ஒரு மருந்து தொடங்கிய பிறகு வந்தால். கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே போங்கள்.

மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் துடிப்பு நின்றுவிடுவது வழக்கம். ஆகவே வீட்டிலேயே கைத்தொலைபேசியில் 30 நொடி படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மட்டும் நெருக்கமாக எடுத்தால் பயனில்லை. நெற்றியிலிருந்து தாடை வரை முழு முகமும் நல்ல வெளிச்சத்தில் தெரிய வேண்டும். எப்போது தொடங்கியது, தூக்கத்தில் நிற்கிறதா என்பதைக் கூட இருப்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து உட்படச் சாப்பிடும் எல்லா மருந்தின் பெயர்களையும் எழுதுங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் முதலில் பலதுறை மருந்தகத்தில் காட்டிப் பரிந்துரைக் கடிதம் பெற்றால், அரசாங்க மருத்துவமனையின் கண் அல்லது நரம்பியல் நிபுணரை மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். நேரே நிபுணரிடம் பதிந்துகொண்டால் அந்த மானியம் கிடைக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டிய நோயில் அது சிறிய தொகை இல்லை.

இப்படிக்கு,
கண் பராமரிப்புத் துறையில் பணிபுரியும் தமிழ் வாசகர்கள் சிலர்
சிங்கப்பூர்